சோலைராசு இருக்கும் இடம்வரை

அழகுமலைக்குத் தீங்கு செய்தவர்களை வரிசையாக நிறுத்தினால் முதல் ஆளாக நிற்க வேண்டியவன் தெற்குவீட்டுச் சோலைராசு. புளியமரம் இல்லை, முறிந்த கொப்பு இல்லை, அன்றைக்கு அடித்த காற்றும் இல்லை. மரத்துக்குப் புத்தி கிடையாது, கொப்புக்குக் கண் கிடையாது, அவற்றின்மேல் அழகுமலைக்கு எந்த வருத்தமும் கிடையாது. சோலைராசுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்களும் உண்டு. கரந்தைப்பட்டி ஊரே நிற்க வேண்டும்தான். ஆனால் அவர்கள் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் சோலைராசு.

நடந்தது இதுதான். மாசி மாதம், புளி உலுக்கும் காலம். சோலைராசின் தோப்பில், வரப்பை ஒட்டி நிற்கும் பெரிய மரத்தில் ஏறி அழகுமலை உலுக்கிக்கொண்டிருந்தார். பழம் பொறுக்கும் பெண்கள் கஞ்சி குடிக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார்கள். தோப்பில் சோலைராசு மட்டும் நின்றான். கொப்பு முறிந்தது. அழகுமலை மல்லாக்க வந்து உடைத்துக் கொட்டிய புளியந்தோட்டுக் குவியலில் விழுந்தார். மூச்சு அடைத்தது, கண் இருட்டியது, ஆனால் கால் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், குதிகால் இரண்டும் மண்ணைக் கிளறி ஆளுக்கொரு குழி பறித்தன. அதை அவர் தன் கண்ணால் பார்த்தார், பக்கத்தில் நின்ற சோலைராசும் பார்த்தான். "மச்சான், எதுவும் பண்ணாத, ஆளைக் கூப்புடு" என்றார் அழகுமலை.

சோலைராசு ஆளைக் கூப்பிடவில்லை. தோப்பையும் பார்த்தான், வரப்புக்கு அந்தப் பக்கம் கிடந்த தார்ரோட்டையும் பார்த்தான், ரோட்டோரம் நின்ற அரசாங்கத்துப் புளியமரத்தையும் பார்த்தான். என் தோப்பில் ஒருத்தன் செத்தால் என் கழுத்துக்கு வரும் என்று அவன் புத்தி கணக்குப் போட்டது. அழகுமலையின் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, பின்பக்கமாக, புளி மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தான். தோட்டுக் குவியலில் இழுத்தான், கட்டாந்தரையில் இழுத்தான், "வேணாம் மச்சான், வேணாம்டா சோலை" என்று கத்தக் கத்த வரப்பின்மேல் ஏற்றினான். வரப்பின் உச்சியில் உடம்பு மடங்கியபோது, இடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பச்சை விளாறை ஒடிக்கிற சத்தம் கேட்டது. அதோடு கால் போயிற்று. வரப்புக்கு இந்தப் பக்கம்வரை காலாக இருந்தது, அந்தப் பக்கம் இறங்கும்போது யாருடைய காலோ ஆகிவிட்டது. ரோட்டோரத்து மரத்தின் கீழே அவரைக் கிடத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் சோலைராசு வாய்விட்டுக் கத்தினான்: "ஐயோ, ஓடியாங்க! கவருமெண்டு மரத்துல ஏறி மச்சான் விழுந்துட்டாரே!"

அரசாங்கத்து மரத்துப் புளியை ஏலம் எடுக்காதவன் தொட்டால் அது திருட்டு. ஆக, ஒரே இழுப்பில் அழகுமலைக்கு முதுகும் ஒடிந்தது, திருடன் என்ற பேரும் வந்தது. ஆட்டோவில் ஏற்றிப் போனவன் சோலைராசு. ஆஸ்பத்திரியில் வராந்தாவில் படுத்துக் கிடந்தவன் சோலைராசு. "இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுசனா" என்று ஊர் அவனை மெச்சியது. அழகுமலை உண்மையைச் சொன்னபோது, "விழுந்த அதிர்ச்சி, புத்தி குழம்பிருச்சு" என்றார்கள். விடாமல் சொன்னபோது, "தூக்கிவிட்ட கையைக் கடிக்கிறாரே" என்றார்கள். கடைசியில் அவருடைய பெண்சாதி பஞ்சவர்ணமே, "விடுங்க. அந்த வீட்டுப் புளியைக் கொட்டை எடுத்துத்தான் எனக்குச் சோறு" என்றாள். அன்றிலிருந்து அவர் யாரிடமும் சொல்வதை விட்டார். சொல்ல வேண்டியவன் சோலைராசு. ஊர் நடுவில் நின்று, "என் மரத்துலதான் விழுந்தார், விழுந்தப்ப கால் ஆடுச்சு, நான்தான் இழுத்து ஒடிச்சேன்" என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அழகுமலைக்கு அவன் பட்ட கடன் அதுதான். வேறு எதையும் அவர் அவனிடம் கேட்கவில்லை.

பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, திண்டுக்கல்லுக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த மறுவாழ்வு மையத்துக்கு அவரைக் கொண்டுபோனார்கள். முதுகு ஒடிந்தவர்களுக்கென்றே இருந்த இடம் அது. தென்னையில் விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், சாரத்தில் விழுந்தவர்கள், பைக்கோடு பள்ளத்தில் போனவர்கள் என்று விதவிதமாக விழுந்தவர்கள் சக்கர நாற்காலிகளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் காதர், லாரி ஓட்டியவர், கொடைரோடு வளைவில் லாரியோடு உருண்டவர். முதல் நாளே கேட்டார்:

"அண்ணே எதுல வந்தீக? மரமா, கிணறா?"

"மனுசன்" என்றார் அழகுமலை.

"அட, அது புது ரூட்டால்ல இருக்கு!" என்றார் காதர்.

ஜெனிட்டா என்று ஒரு பெண், தெரபி கொடுப்பவள், அவருக்கு உடம்பை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். கட்டிலில் புரளச் சொல்லிக்கொடுத்தாள். உணர்ச்சி இல்லாத தோல் அழுந்திப் புண்ணாகாமல் இருக்க, கையை ஊன்றி உட்காரும் இடத்தைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொன்னாள். கண்ணாடியைப் பிடித்துத் தன் முதுகையும் குதிகாலையும் தானே பார்க்கச் சொன்னாள். "தூக்கணும் ஐயா, இழுக்கக் கூடாது. உங்களுக்கு வலிக்காது, ஆனா தோல் உரிஞ்சுரும்" என்று நாள் தவறாமல் சொன்னாள். பஞ்சவர்ணம் கொஞ்ச காலம் கூட இருந்துவிட்டு, சோற்றுக்கு வழியில்லாமல் ஊருக்குப் போய் மறுபடி சோலைராசு வீட்டுப் புளியில் உட்கார்ந்தாள். அழகுமலை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தெரபி அறையில் இரண்டு இரும்புக் கம்பிகள் இடுப்பு உயரத்தில் இணையாக ஓடின. காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தைக் காலில் பூட்டி, அந்தக் கம்பிகளுக்கு நடுவில் நிறுத்துவார்கள். கையால் உடம்பைத் தாங்கி, இடுப்பைத் தூக்கி, காலை முன்னால் வீச வேண்டும். அழகுமலை வரமாட்டேன் என்றார்.

"நடந்து நான் எங்கம்மா போகப் போறேன்?"

"எங்கயாவது போகணும்னு ஒரு இடம் இருக்கும்ல ஐயா. அதை மனசுல வச்சுக்கிட்டு இடுப்பைத் தூக்குங்க."

அழகுமலை யோசித்துப் பார்த்தார். போக வேண்டிய இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. மறுநாள் காலிப்பரைப் பூட்டச் சொன்னார். கம்பியைப் பிடித்தார், சோலைராசை நினைத்தார், பல்லைக் கடித்தார், இடுப்பைத் தூக்கி வலது காலை வீசினார். சட்டம் 'டக்' என்றது. ஆனால் கால் அந்த அறையின் தரையில் விழவில்லை. அதாவது, கண்ணுக்குத் தெரிந்த கால் அங்கேதான் இருந்தது. விழுந்த அடி மட்டும் கரந்தைப்பட்டியில் விழுந்தது.

சோலைராசு வீட்டுப் பட்டாசாலைக் கூடத்தில் கொட்டை எடுத்த புளியை விரித்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சோலைராசு உள்சுவர் ஓரம் கட்டிலில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். வாசற்பக்கம் 'டக்' என்று சத்தம் கேட்டது. விரித்த புளியில் ஒரு பாதம் பதிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று பதிந்தது. பெருவிரலைவிட நீண்ட இரண்டாவது விரல், வெடித்த குதிகால். எத்தனையோ வருடம் அந்த வீட்டுக்கு மூட்டை சுமந்த பாதம். பெண்கள் எல்லோரும் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் கையிலிருந்த, கொட்டை தட்டும் கல்லைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் சொருகியிருந்த செல்போனை எடுத்தாள்.

"ஏங்க, இப்ப நீங்க நடந்தீகளா?"

"ரெண்டொரு எட்டு வச்சேன். ஏன்?"

"இங்க வந்துருக்கீக."

அழகுமலை போனைக் காதோடு அழுத்தினார். பிறகு, "அவன் இருக்கானா?" என்று கேட்டார்.

"இருக்காரு. பல்லுக்குச்சி கீழ விழுந்துருச்சு" என்றாள் பஞ்சவர்ணம்.

அதற்குப் பிறகு அழகுமலையைக் கம்பியிலிருந்து இறக்க முடியவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனார். அவர் நடக்க நடக்க அங்கே அடி விழுந்தது. கம்பிகள் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் சோலைராசை நோக்கிப் போய், அவனைத் தொடுமுன் திரும்பி வந்தது. சோலைராசு கட்டிலை மாட்டுக்கொட்டத்தில் போட்டான். அடி அங்கே சாணியில் பதிந்தது. மதுரைக்குத் தங்கை வீட்டுக்குப் போனான். அவள் துடைத்துவிட்ட மொசைக் தரையில் ஈரத்தோடு பதிந்தது. "அண்ணே, நீ ஊருக்கே போயிரு, எங்களுக்குத் துடைச்சு மாளல" என்று அவள் அனுப்பிவைத்தாள்.

மையத்தில் இதைக் கேட்டு யாரும் வாய் பிளக்கவில்லை. உணர்ச்சியே இல்லாத இடத்தில் கால் எரிகிறது, விரல் அரிக்கிறது, எறும்பு ஊர்கிறது என்று படுத்துக் கிடப்பவர்கள் அவர்கள். கால் வேறு ஊரில் இருக்கிறது என்றால் இருக்கட்டும் என்றார்கள். ஜெனிட்டா மட்டும் ஒரு விஷயம் கேட்டாள்.

"ஐயா, அங்க கால் எப்படிப் பதியுது? குதிகால் முதல்லயா, முன்கால் முதல்லயா?"

பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டார்கள். "இடது கால் நல்லாப் பதியுது, வலது கால் ஓரமா இழுபடுது" என்றாள் அவள்.

"வலது இடுப்பை இன்னும் தூக்குங்க" என்றாள் ஜெனிட்டா. "இங்க பாத்தா எனக்குத் தெரியல, அங்க தெளிவாத் தெரியுது."

காதர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, அப்படியே திரும்புற வழியில எங்க லாரி ஓனரு வீட்டுக்கும் ஒரு எட்டு வச்சுட்டு வாங்களேன். சாப்பிடுற நேரமாப் பாத்து."

"ஒனக்கு ஆள் வேணும்னா நீ நட" என்றார் அழகுமலை. அதிலிருந்து காதரும் கம்பிக்கு வர ஆரம்பித்தார். அவருடைய அடி எங்கும் போகவில்லை, அந்த அறையிலேயே விழுந்தது. "எனக்கு ரோசம் பத்தல போல" என்று வருத்தப்பட்டார்.

கரந்தைப்பட்டியும் அதை ஒரு மழையை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஏற்றுக்கொண்டது. முதல் வாரம் கூட்டம் கூடிப் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் பக்கத்து ஊரிலிருந்து வந்து பார்த்தார்கள், பிறகு பழகிப்போயிற்று. மையத்தில் தெரபி தொடங்கும் நேரத்தை வைத்துக் கரந்தைப்பட்டியில் உலை வைத்தார்கள். ரேஷன் கடை வரிசையில் சோலைராசு நின்றால் அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். தெரியாமல் நுழைந்த ஒருத்தியை, "ஏத்தா, அழகுமலை நிக்கிறது கண்ணு தெரியலையா, பின்னால போ" என்று விரட்டினார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சோலைராசுக்குப் பக்கத்தில் ஓர் இலையை வெறுமனே போட்டு வைத்தார்கள். ஊருக்கு அதிசயத்தோடு எந்தச் சண்டையும் இல்லை. ஏன் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிய வேண்டியிருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலையும் சொன்னவன் சோலைராசு. அங்கேதான் அவன் அழகுமலையை இரண்டாம் முறை இழுத்தான். கொஞ்ச நாள் சோறு இறங்காமல் கிடந்தவன், ஒருநாள் காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, டீக்கடை முன்னால் வந்து நின்று சொன்னான்: "சாகக் கிடந்த ஆளைத் தூக்கி உசுரைக் காப்பாத்துனேன்ல. அந்த நன்றிய்யா இது. நடக்க முடியாத மனுசன் என் வீடு தேடி நடந்து வர்றாரு!"

ஊருக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. யாருக்கும் நோகாத பதில். சோலைராசின் பெண்சாதி வீரம்மா, அடி விழும் இடத்தில் சாணி மெழுகிக் கோலம் போட்டாள். பதிந்த பாதத்துக்கு மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பிள்ளை நடக்கப் பிந்துகிறது என்று தாய்மார்கள் தூக்கிக்கொண்டு வந்து அந்தப் பாதத்தின்மேல் நிற்க வைத்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் அந்த மண்ணை எடுத்துப் பூசினார்கள். பூசாரி சூடம் காட்டினார். ஐப்பசியில் முத்தாலம்மன் கோயில் சாட்டுத் திருவிழாவின்போது, இப்பேர்ப்பட்ட மனுசனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று, சோலைராசின் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தார்கள்.

பஞ்சவர்ணம் போனில் இதைச் சொன்னபோது அழகுமலை கம்பிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். உதைப்பதற்கென்று வைத்த ஒவ்வொரு அடியும் பூவாகப் போய் விழுந்திருக்கிறது. அவர் வேர்வை சிந்த நடந்த நடையெல்லாம் சோலைராசின் தலையில் துண்டாகக் கட்டப்பட்டிருக்கிறது.

"கழட்டும்மா இந்த எழவை" என்று காலிப்பரைக் காட்டினார். "இனி நடக்க மாட்டேன்."

ஜெனிட்டா கழற்றவில்லை. "அவங்களுக்காகவா நடந்தீங்க?"

"ஆமா. பின்ன ஒனக்காகவா?"

"நடக்காட்டி கால் மடங்கி இறுகிரும் ஐயா. அப்புறம் நாற்காலியிலகூட உட்கார முடியாது. பஞ்சவர்ணம்மா உங்களைக் காலம்பூரா தூக்கித் தூக்கி வைக்கணும். பாத்துக்குங்க."

காலிப்பரைத் தானே கழற்றிவிட்டு அவர் கட்டிலுக்குப் போனார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். காதர் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். "அண்ணே, எதிரிக்கு அனுப்புன பார்சல் அவன் வீட்டுப் பிரசாதமாயிருச்சு, அவ்வளவுதான. வேற பார்சல் அனுப்புங்க."

அழகுமலை மெல்லத் திரும்பினார். "என்ன சொன்ன?"

"சும்மா சொன்னேண்ணே."

"இல்ல. சரியாத்தான் சொன்ன."

நடந்து போனால்தானே நன்றி என்பான். இழுபட்டுப் போனால் என்ன சொல்வான்? அழகுமலை அதையே நினைத்துக்கொண்டு கிடந்தார். தை பிறந்தது. புளி உலுக்கத் தொடங்கும் முன்னால் தோப்பின் பெரிய மரத்துக்குப் பூசை போடுவது அந்த ஊர் வழக்கம். வரப்பை ஒட்டி நிற்கும் அதே மரம். உலுக்குகிறவர்கள், பொறுக்குகிறவர்கள், ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடுவார்கள். சோலைராசு மரத்தடியில் நின்றாக வேண்டும். பூசை எந்த நாள், எந்த நேரம் என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டுக்கொண்டார்.

அந்த நாளில், அந்த நேரத்தில், தெரபி அறையில் தரையில் விரித்திருந்த மெத்தையில் போய் மல்லாக்கப் படுத்தார். ஜெனிட்டாவைக் கூப்பிட்டு, "தாயி, என்னை அக்குள்ல கை குடுத்து இங்கேருந்து அந்தக் கதவுவரைக்கும் இழு" என்றார்.

"என்ன ஐயா பேசுறீங்க! எதைச் செய்யவே கூடாதுன்னு நாள் தவறாம சொல்றேனோ அதை என்னையே செய்யச் சொல்றீங்களே." அவள் மாட்டவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த அறையில் யாரோ கூப்பிடப் போய்விட்டாள்.

அழகுமலை தானே செய்தார். முதலில் காதரைக் கூப்பிட்டார். காதர் நாற்காலியிலிருந்து குனிந்து, வாக்கிங் ஸ்டிக்கின் முனையால் அவருடைய உள்ளங்காலைக் கீறினார். உடம்புக்கும் காலுக்கும் பேச்சு அறுந்துபோனாலும், காலுக்குள் தானாக ஓர் இழுப்பு உண்டு. தொட்டால் வெட்டி வெட்டி உதறும். அது உங்கள் அசைவு இல்லை, நம்பாதீர்கள் என்று ஜெனிட்டா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். அன்றைக்கு அதுவே போதும் என்று இருந்தது. கால்கள் உதறின, குதிகால்கள் மெத்தையைக் கிளறின. பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்காமல், வேண்டுமென்றே தூக்காமல், பின்பக்கமாக இழுத்தார். சோலைராசை நினைத்தார், இழுத்தார். அந்த வரப்பை நினைத்தார், இழுத்தார். மெத்தையின் விளிம்பில் உடம்பை மடக்கி, அதைத் தாண்டி, சிமெண்டுத் தரையில் குதிகால் தேயத் தேய இழுத்துக்கொண்டு கதவுவரை போனார். வலி தெரியவில்லை. பின்னால் இரண்டு சிவப்புக் கோடுகள் வந்துகொண்டிருந்ததைக் காதர்தான் பார்த்தார். "அண்ணே, போதும்ணே, ரத்தம்ணே" என்று கத்தினார்.

கரந்தைப்பட்டித் தோப்பில் பூசாரி தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியிருந்தார். சோலைராசு பரிவட்டத்தோடு நின்றான். அவன் காலடியில் கிடந்த புளியந்தோட்டில் ஒரு முதுகு பதிந்தது. ஒரு முழு ஆளின் முதுகு, தோள், பின்னந்தலை. அதன் கீழ்முனையில் மண் தெறித்தது. இரண்டு குதிகால்கள் மாறி மாறித் தோண்டி ஆளுக்கொரு குழி பறித்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த உடம்பு நகர்ந்தது. இரண்டு குதிகால் கோடுகள் ஏர் ஓட்டியதுபோல மண்ணைக் கீறிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே வழி கேட்டுக்கொண்டு போயின. ஆட்கள் விலகி வழி விட்டார்கள். வரப்பின் இந்தப் பக்கம்வரை கோடுகள் அங்கங்கே குதித்து உதறியிருந்தன. வரப்பில் ஏறிய இடத்தில் மண் உடைந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் கோடுகளில் எந்த உதறலும் இல்லை. கால் வெளிப்பக்கம் சாய்ந்து, சாக்கு மூட்டையின் தடம்போல மழமழவென்று ரோட்டோரத்து அரசாங்க மரம்வரை போய் நின்றன.

மூட்டை இழுத்துப் பழகிய ஊர் அது. தடத்தைப் பார்த்தால் சரக்கு என்ன, எங்கிருந்து எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவர்கள். பூசாரி ஓங்கிய தேங்காயை உடைக்காமல் கூடையில் வைத்தார். பஞ்சவர்ணம் போய்க் குந்தி உட்கார்ந்து, குதிகால் பறித்த குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஆடியிருக்குய்யா. என் புருசன் காலு இங்க ஆடியிருக்கு."

சோலைராசு உதட்டை நனைத்துக்கொண்டான். "நாய் எதையாச்சும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்" என்றான்.

"எங்க எல்லார் கண்ணு முன்னாடியுமா?" என்றாள் வீரம்மா. அவன் பெண்சாதிதான். கையிலிருந்த மஞ்சள் கிண்ணத்தை அவன் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்றோடு பாதத்துக்கு மஞ்சள் வைப்பது நின்றது. பஞ்சவர்ணம் அந்த வீட்டுப் புளியை அதற்குப் பிறகு தொடவில்லை. நத்தம் சந்தையில் கீரை வாங்கி விற்றாள். அழகுமலையைத் திருடன் என்று சொன்னவர்கள் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். மறுநாள் உலுக்கும் காலம் ஆரம்பித்துவிட்டதால் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். இழுத்த தடத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் புளி பொறுக்கினார்கள். சோலைராசிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அழகுமலைக்குக் குதிகாலிலும் உட்காரும் இடத்திலும் ஆழமாகப் புண் வந்தது. ஜெனிட்டா அழுதுகொண்டே திட்டினாள். புண் ஆறும்வரை நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது என்று, சக்கரம் வைத்த பலகையில் அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மாதக்கணக்கில் அவர் தரையையும், வருகிறவர்களின் செருப்பையும் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒருநாள் மத்தியானம் தெரிந்த செருப்பு ஒன்று வந்து நின்றது.

"மச்சான்" என்றான் சோலைராசு.

அழகுமலை தலையை நிமிர்த்தவில்லை. முகம் பார்க்க வேண்டுமென்றால் அவன்தான் தரையில் குந்த வேண்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் குந்தினான். இளைத்துப்போயிருந்தான்.

"ஊரே பாத்துருச்சு மச்சான். இனி என்ன பாக்கி?"

"நீ சொல்லல."

"எல்லாருக்கும் தெரிஞ்சதை நான் எதுக்குச் சொல்லணும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதைச் சொல்றதுக்கு ஒனக்கு என்ன கஷ்டம்?"

சோலைராசு தரையை விரலால் கீறினான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இங்க வச்சுச் சொல்றேன். ஒங்கிட்ட மட்டும். சொல்லிட்டாத் தீந்துரும்ல?"

"எங்கிட்ட எதுக்கு? நான் அங்கதான இருந்தேன்."

பக்கத்துக் கட்டிலிலிருந்து காதர் கேட்டார். "மைக் வேணும்னாச் சொல்லுங்கண்ணே, ஆபீஸ்ல இருக்கு."

சோலைராசின் முகம் கறுத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "என் வாயால வராது. வராதுன்னா வராது. ஒண்ணு தெரிஞ்சுக்க மச்சான். ஒன் காலு சமதரையிலதான் வருது. நான் மொட்டைமாடிக்கு ஏறிட்டா, படிக்குக் கீழயே நின்னு சுத்திச் சுத்திட்டுப் போயிருது. நீ நடந்தப்பவே பாத்துட்டேன். மாடியில ரூம் கட்டியாச்சு. சோறு, தூக்கம் எல்லாம் இனி அங்கதான். நீ கீழயே நடந்துக்கிட்டு இரு."

செருப்புச் சத்தம் வராந்தாவைத் தாண்டிப் போயிற்று. அழகுமலை அன்றைக்கு வைத்த சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அடுத்து வந்த நாட்களில் முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குப்புறப் படுத்தபடியே மணல் மூட்டையைத் தூக்கித் தூக்கித் தோளை உரமேற்றினார். புண்ணை அவரே கண்ணாடி பிடித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து தசை வளர்ந்து, தோல் மூடி, கடைசியில் ரோஸ் நிறத்தில் தழும்பு நின்றது.

ஜெனிட்டா காலிப்பரைக் கொண்டுவந்தாள். "கம்பியிலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாமா ஐயா?"

"வேணாம்மா. அங்க."

தெரபி அறையின் மூலையில் மரத்தால் செய்த ஒரு படிக்கட்டு இருந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஏறினால் மேலே ஒரு பலகை, மறுபக்கம் இறங்கப் படி. ஏறிப் போவதற்கு அங்கே மாடி எதுவும் கிடையாது.

"உங்க வயசுக்கு, உங்க முதுகுக்கு, படி ரொம்பக் கஷ்டம் ஐயா. ஒரு படி ஏறவே மாசக்கணக்காகும்."

"ஆகட்டும். அவன் எங்க போயிருவான்?"

ஜெனிட்டா பட்டைகளை இறுக்கிவிட்டு, விழுந்தால் பிடிக்கப் பின்னால் வந்து நின்றாள். காதர் வேடிக்கை பார்க்க நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அழகுமலை கைப்பிடியைப் பிடித்தார், தோளில் உடம்பைத் தாங்கினார், இடுப்பைத் தூக்கி வலது காலை வீசினார். சட்டம் படியின் விளிம்பில் இடித்துக் கீழே வழுக்கியது. மறுபடி வீசினார். வழுக்கியது. மறுபடி வீசினார். 'டக்' என்று முதல் படியில் கால் நின்றது.

கரந்தைப்பட்டியில், சுண்ணாம்பு வாசம் போகாத மாடி அறையில், சோலைராசு தட்டில் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்து, மூடிய கதவைப் பார்த்தான். சத்தம் கீழ்ப்படியில்தான் கேட்டது. எழுந்து போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வாயில் சோறு இருந்தது. சொல்ல வேண்டியதை அவன் இன்னும் சொல்லவில்லை.